பேரை வெட்டி எடுத்த அழுகை

இரவு ஒரு மணி இருக்கும். பிளவக்கல் அணையிலிருந்து வத்திராயிருப்புக்கு வரும் ரோடு. ஒரு பக்கம் தென்னந்தோப்பு, மறுபக்கம் வயல். மலை இருக்கிற திசையில் மட்டும் இருட்டு இன்னும் கொஞ்சம் கெட்டியாக இருக்கும்... அந்த ரோட்டில் ஒரு குட்டியானை தனியாக வந்துகொண்டிருந்தது.

நான் சொல்வது லோடு வண்டியை. அதற்குள் பயந்துவிடாதீர்கள்.

வண்டியின் பின்னால் இரண்டு குழாய் ஸ்பீக்கர், ஒரு ஆம்ப்ளிபயர், சுருட்டிக் கட்டிய வயர். ஓட்டி வந்தவர் ஹமீது. ராஜபாளையத்தில் மைக்செட் வைத்திருப்பவர். நம் நவாஸுக்கு அக்காள் மாப்பிள்ளை. நவாஸ் இதோ இங்கேதான் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். நான் ஏதாவது கூட்டிச் சொன்னால் அவனே திருத்தட்டும்.

அணைப் பக்கத்து ஊரில் அன்றைக்கு ஒரு பெரியவர் தவறிவிட்டார். துட்டி வீட்டுக்கு ஹமீது மைக்செட் கட்டப் போயிருந்தார். எல்லாம் முடிந்து வயரைச் சுருட்டுகிற நேரத்தில் பார்த்தால் டயரில் காற்று இல்லை. அதைச் சரிசெய்து கிளம்ப இவ்வளவு நேரமாகிவிட்டது.

ஒரு வளைவு திரும்பினார். லைட் வெளிச்சத்தில்... ரோட்டோரம் ஒரு பெண் நின்றாள்.

புதுச் சேலை. தலைமுடி விரித்துப் போட்டபடி. ஹமீது பிரேக்கை மிதித்தார். கண்ணாடியை இறக்கியதும் அவள் குனிந்து கேட்டாள்.

"அண்ணே... எங்கம்மா கூப்பிட்டுச்சு. எந்த வீடுன்னு தெரியல."

ஜலதோஷம் பிடித்த குரல். மூக்கு முழுக்க அடைத்துக்கொண்டவர்கள் பேசுவார்களே, அப்படி.

"ஏம்மா, இந்நேரத்துல ஒத்தையிலயா வந்த? எந்த ஊரு நீ?"

அவள் ஊரைச் சொல்லவில்லை. ஹமீது வந்த திசையைக் கை காட்டினாள். "அங்கன கேட்டுச்சு. ஓடியாந்தேன். பொறவு நின்னுபோச்சு."

ஹமீதுக்கு மனசு கேட்கவில்லை. யார் பெற்ற பிள்ளையோ, வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்ததோ என்னவோ. "பின்னால ஏறிக்கம்மா. வத்திராயிருப்புல வெளிச்சம் இருக்கும், ஆள் இருக்கும். அங்க விசாரிப்போம்" என்றார்.

ஏறினாள். ஏறியதாகத்தான் அவர் நினைத்தார். ஆனால் ஆள் ஏறினால் வண்டி கொஞ்சம் குலுங்குமே, அது குலுங்கவில்லை.

போகப் போகப் பின்னாலிருந்து ஒரு வாசனை. அரைத்த மஞ்சள்... சீயக்காய்... அதற்கு மேல் பன்னீர். மழை இல்லை, ஆனாலும் ஈர முடியிலிருந்து தகரத்தில் சொட்டுகிற சத்தம். டொக்... டொக்... ஹமீது திரும்பிப் பார்க்கவில்லை. ரேடியோவைப் போடக் கை போனது. போடவில்லை.

வத்திராயிருப்பில் விளக்குக் கம்பத்துக்குக் கீழே வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்த்தார். யாரும் இல்லை. வயர்ச் சுருளின் நடுவில் ஒரு ஆள் உட்கார்ந்து எழுந்த மாதிரி பள்ளம். அந்தப் பள்ளம் முழுக்க ஈரம்.

அதற்கு முன்னால் நடந்ததைச் சொன்னால்தான் இது விளங்கும்.

ஹமீது நல்ல மனுஷன். துட்டி வீட்டில் இவ்வளவு கொடு என்று வாய் திறந்து கேட்கமாட்டார். தொழிலிலும் சுத்தம். ஒரே ஒரு தடவை, சேத்தூர்ப் பக்கம் ஒரு சடங்கு வீட்டில் பென்டிரைவ் மாறிப்போய்விட்டது. பெண்ணை மணையில் உட்காரவைத்து, மாமன் மாலை போடக் கையைத் தூக்குகிற நேரம்... குழாய் ஸ்பீக்கர் ஒப்பாரி வைத்தது. மாமன்காரன் அந்த மாலையோடு ஹமீதைத் தெரு முனைவரை துரத்தினான். நவாஸ் சிரிக்கிறான் பாருங்கள். அன்றைக்கு அவனும் சேர்ந்துதான் ஓடினான்.

அதிலிருந்து ஹமீது பென்டிரைவைத் தொடுவதில்லை. எல்லாப் பாட்டையும் இணையத்தில் கிளவுடில் ஏற்றிவிட்டார். கல்யாணம், சடங்கு, கோயில் கொடை, துட்டி என்று தனித்தனி ஃபோல்டர். எந்த ஊருக்குப் போனாலும் போனைத் திறந்தால் போதும். சுற்றுவட்டாரத்து மைக்செட்காரர்கள் எல்லாரும் ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் இருக்கிறார்கள். அவர்களும் கேட்கவே, அந்த ஃபோல்டர்களின் லிங்கை அதில் போட்டுவிட்டார். லிங்க் கையில் இருக்கிற யாரும் எடுத்துக்கொள்ளலாம். தனக்கென்று ஒளித்து வைக்கிற குணம் அவருக்குக் கிடையாது.

இப்படி இருக்கும்போது வன்னியம்பட்டியில் ஒரு சாவு. வெள்ளத்தாய் என்று ஒரு அம்மாள், புருஷன் இல்லாதவர். ஒரே மகள் சிவரஞ்சனி. மில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பிள்ளை. மஞ்சள் காமாலை வந்து, கவனிக்காமல் விட்டு, போய்விட்டது.

வெள்ளத்தாய் அழவே இல்லை. விடிந்ததிலிருந்து மகளின் தலைமாட்டில் கல் மாதிரி உட்கார்ந்திருந்தார். உறவுக்காரிகள் உலுக்கிப் பார்த்தார்கள், திட்டிப் பார்த்தார்கள். ஒப்பாரி பாட ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்திருந்த பெண்கள் பாடிக் களைத்து, மைக்கைத் தலைமாட்டில் வைத்துவிட்டுக் காப்பி குடிக்கப் போனார்கள். அப்போது அந்த அம்மாள் மெல்லக் குனிந்தார். மகளின் காதருகே வாயை வைத்தார்.

"ஏட்டி ரஞ்சனி... எந்திரிச்சு வாட்டி... சோறு ஆறுதுட்டி ரஞ்சனி... அம்மா கூப்பிடுதேன், கேக்கலையாட்டி... வாசல்லதான் நிக்கேன், வாட்டி ரஞ்சனி..."

பாட்டு இல்லை. ராகம் இல்லை. மகளைச் சாப்பிடக் கூப்பிடுகிற குரல்தான். அது கொஞ்சம் கொஞ்சமாக உடைந்தது. மைக் பக்கத்தில் கிடந்ததால் ஊர் முழுக்கக் கேட்டது. பந்தலில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் சீட்டைக் கவிழ்த்து வைத்தார்கள். ஆம்பளைகள் எல்லாம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்கள்.

மைக்கில் எது வந்தாலும் ஹமீதின் மிக்ஸர் பதிவு செய்துவிடும். அதற்கென்று அவர் எதுவும் செய்யவேண்டியதில்லை. வீட்டுக்கு வந்து கேட்டார். இப்படி ஒரு அழுகையை அவர் கேட்டதே இல்லை. அங்கே ஓயாமல் அழுத குழந்தையின் சத்தத்தை நீக்கினார், மோட்டார் சத்தத்தை நீக்கினார், கொஞ்சம் எதிரொலி சேர்த்தார். ஒன்றே ஒன்றுதான் இடைஞ்சல். மூச்சுக்கு மூச்சு ரஞ்சனி, ரஞ்சனி என்று வருகிறது. பேர் இருந்தால் மற்ற வீட்டுக்கு ஆகாதே?

ஒவ்வொரு பேராக வெட்டி எடுத்தார். ஒட்டுப் போட்ட இடம் தெரியாமல் சேர்த்தார். துட்டி ஃபோல்டரில் போட்டார்.

அதில் கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. அழ முடியாமல் நெஞ்சடைத்துக் கிடக்கிறவர்கள் இதைக் கேட்டாவது அழட்டும் என்றுதான் நினைத்தார். கொஞ்சம் பெருமையும் இருந்தது. மனுஷன்தானே. ஆனால் அந்த அம்மாளிடம் ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை.

தளவாய்புரம், சேத்தூர், வத்திராயிருப்பு... எந்தத் துட்டி வீட்டிலும் அதுதான் ஓடியது. கிழவர் செத்தாலும் அதைத்தான் போடச் சொன்னார்கள். அதற்கு 'மகள் பாட்டு' என்று பேரே வந்துவிட்டது. இதற்கிடையில் கிளவுடில் இடம் நிறைந்துவிட்டதென்று போனில் அறிவிப்பு வந்துகொண்டே இருந்தது. பேரோடு இருந்த முதல் பதிவு சும்மாதானே கிடக்கிறது என்று ஹமீது அதை அழித்துவிட்டு, கல்யாணப் பாட்டு ஏற்றினார்.

கொஞ்ச நாள் கழித்து ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பொன்னுராஜைப் பார்த்தார். தளவாய்புரத்து மைக்செட்காரன். வாய்க்கொழுப்பு ஜாஸ்தி.

"பாய், ஒங்க மகள் பாட்டுக்கு ஒரு ரசிகை இருக்கா, தெரியுமா?"

"யாருலே?"

"எங்கூர்ல எப்பப் போட்டாலும் ஒரு சின்னப்பிள்ள வருது பாய். பட்டுப்பாவாடை. எந்த வீட்டுப் பிள்ளைன்னே தெரியல. அழுதுட்டு இருக்க பொம்பளைக மூஞ்சிய ஒண்ணொண்ணா குனிஞ்சு பாக்குது. பாத்துட்டுப் போயிருது."

"ஏலே, ஒழுங்கா டீயக் குடி."

"நம்பலன்னா போங்க. சேத்தூர்க்காரன் கல்யாண மாலையோட ஒரு பொண்ணு வந்ததா சொல்லுதான். அவனுக்கு மட்டும் கல்யாணப் பொண்ணு, எனக்குச் சின்னப்பிள்ள. பாத்தியளா அநியாயத்த!"

ஹமீது சிரித்துவிட்டு வந்துவிட்டார். அதன் பிறகுதான் அணை ரோட்டில் அந்த இரவு. அன்றைக்கு அந்தத் துட்டி வீட்டிலும் மகள் பாட்டுதான் ஓடியிருந்தது.

வீட்டில் சொல்லவில்லை. வண்டியைக் கழுவினார், ஓதி ஊதினார், தொழிலைப் பார்த்தார். ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வீடு... நல்ல பகல், வெயில் சுள்ளென்று அடிக்கிறது. பந்தலில் மகள் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே இறந்த அம்மாளைக் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, புதுச் சேலை கட்டிக் கொண்டுவந்து கிடத்தினார்கள். ஈர முடியிலிருந்து சீயக்காய் வாசனை. ஒருத்தி பன்னீர் தெளித்தாள். இன்னொருத்தி பஞ்சைப் பிய்த்துச் சின்னதாக உருட்டி... மூக்கில் வைத்தாள். ஒரு பக்கம். மறு பக்கம்.

ஹமீதுக்கு அணை ரோடு ஞாபகம் வந்தது.

அந்தக் குரல். அது ஜலதோஷம் இல்லை.

பாட்டைப் பட்டென்று நிறுத்தினார். "ஏன் பாய் நிப்பாட்டிட்டிய? நல்லாத்தான இருந்துச்சு" என்று வீட்டுக்காரர் கேட்டார். ஹமீது வேறு பாட்டை மாற்றிப் போட்டார்.

அன்றைக்குத்தான் மனைவி ஹஸீனாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். ஹஸீனா குறுக்கே பேசாமல் கேட்டாள். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அந்தப் பொம்பளைகிட்ட கேட்டியளா?"

"இல்ல."

"பெத்தவ அழுகுறது அல்லாஹ்வுக்கும் அவளுக்கும் உள்ள பேச்சுங்க. நடுவுல ஒங்களுக்கு என்ன வேல? மொதல்ல போயி அந்தம்மா கால்ல விழுங்க. பேய் பெசாசெல்லாம் பொறவு பாத்துக்கலாம்."

மறுநாள் காலையிலேயே ஹமீது வன்னியம்பட்டிக்குப் போனார். வெள்ளத்தாய் வாசலில் சோளம் புடைத்துக்கொண்டிருந்தார். ஆள் பாதியாகியிருந்தார்.

"வாங்க பாய். துட்டிக்கு மட்டும் வார மனுசன், சும்மாவும் வாரியளே" என்று எழுந்து, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அந்தத் தண்ணீரைக் குடிக்க முடியாமல் ஹமீது சொம்பைக் கையில் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார்.

"தப்புப் பண்ணிட்டேன்க்கா. ஒங்க அழுகைய ஒங்கள்ட்ட கேக்காம எடுத்து, ஊருக்கெல்லாம் கொடுத்துட்டேன். அழிச்சிருதேன். மன்னிச்சிருங்க."

"போடுங்க. கேப்போம்."

போட்டார். வெள்ளத்தாய் முறத்தை மடியில் வைத்தபடி முழுக்கக் கேட்டார். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை.

"நானா அழுதேன்? எனக்கு ஞாபகமே இல்லையே, பாய்."

கோபப்பட்டுத் திட்டியிருந்தால்கூட ஹமீதுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அணை ரோட்டில் கண்டதை மறைக்க மனசு வராமல் அதையும் சொன்னார். சொல்லச் சொல்ல அந்த அம்மாளின் முகம் மாறியது. முறம் மடியிலிருந்து நழுவிச் சோளம் சிதறியது.

"வாராளா? எம் மக வாராளா? பாய், இடது கையில ஒரு வெரலு நுனி இருக்காது. மில்லுல போச்சு. பாத்தியளா?"

"இருட்டுக்கா. கையப் பாக்கல."

"குரலு?"

"மூக்கு... அடைச்ச மாதிரி."

"அப்ப அவதான். அவளுக்கு எப்பவும் மூக்கடைப்புதான் பாய். மருந்து வாங்கிக் கொடுத்தாலும் குடிக்கமாட்டா." வெள்ளத்தாய் சிரித்தார். மகள் செத்த பிறகு அவர் சிரித்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும். உள்ளே போய் ஒரு பழைய போனை எடுத்து வந்து நீட்டினார். "அந்தப் பாட்ட இதுல போட்டுக் கொடுங்க."

"யக்கா, நான் அத அழிக்க வந்தேன்..."

"ஊருக்கெல்லாம் கொடுத்தியளே பாய். பெத்தவளுக்கு மட்டும் இல்லையா?"

ஹமீது அந்த போனுக்கு மட்டும் பாட்டை அனுப்பினார். எங்கே தொட்டால் ஒலிக்கும் என்று காட்டிக் கொடுத்தார். மனசுக்குள் ஒரு கணக்கும் போட்டார். ஊர் ஊராக ஒலிப்பதால்தான் அந்தப் பிள்ளை வழி தெரியாமல் அலைகிறது. ஒரே வீட்டில் ஒலித்தால் சரியாக வந்து சேரும். தாயைப் பார்க்கும். பார்த்துவிட்டால் அடங்கிவிடும்.

வீட்டுக்கு வந்து துட்டி ஃபோல்டரிலிருந்து பாட்டை எடுத்தார். லிங்கை அடைத்தார். குரூப்பில் ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டு, தங்கள் போனில் இறக்கி வைத்திருந்தாலும் அழித்துவிடுங்கள் என்று கெஞ்சினார். பெரும்பாலும் எல்லாரும் அழித்தார்கள். "பாய், நான் சாத்தூர்க்காரனுக்கு அனுப்பிட்டேனே, அவன் யாருக்கு அனுப்புனானோ" என்றார்கள் சில பேர். பேர் தெரியாதவர்கள், முகம் தெரியாதவர்கள். கொடுத்தது எங்கெங்கே போய்ச் சேர்ந்தது என்று அவருக்கே தெரியாது.

ஆனால் பலன் இருந்தது. பொன்னுராஜே கூப்பிட்டுச் சொன்னான். "பாய், அந்தச் சின்னப்பிள்ள இப்ப வாரதே இல்ல. வேற பாட்டுப் போட்டா எட்டிக்கூடப் பாக்கல."

ஹமீது அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னார். அந்தப் பிள்ளை அங்கே வரவில்லை என்றால், வேறு எங்கே போயிருக்கும் என்று அவர் அப்போது யோசிக்கவில்லை.

பிறகு ஒரு நாள் வெள்ளத்தாயிடமிருந்து போன் வந்தது. மெதுவாகப் பேசினார். தூங்குகிற குழந்தை பக்கத்தில் இருந்தால் பேசுவார்களே, அந்த மாதிரி.

"பாய், செத்த நேரம் வந்துட்டுப் போங்க. வரும்போது... கொஞ்சம் அரிசி கொண்டாங்க."

ஒத்தை ஆள். இரண்டு வேளைக்கு ஒரு வேளை பொங்கித் தின்கிறவர். அரிசி எதற்கு? கஷ்டம் போலிருக்கிறது என்று ஹமீது ஒரு சிப்பம் வாங்கிப் போட்டுக்கொண்டு போனார்.

உச்சிப் பொழுது. தெருவில் வெயில் காய்கிறது. வீட்டுக்குள் காலை வைத்ததும் சில்லென்றது. தரை முழுக்க ஈரம். மஞ்சள்... சீயக்காய்... பன்னீர்.

கண் பழகியதும் பார்த்தார். இரண்டு பக்கச் சுவரோரமும் வரிசையாகச் சோறு. நாலு தட்டு, அதற்குப் பிறகு வாழையிலைக் கிழிசல், அதற்குப் பிறகு சட்டி மூடி, டப்பா மூடி, கடைசியில் பழைய நாள்காட்டி அட்டை. வீட்டில் இருந்த எல்லாவற்றிலும் ஒவ்வொரு கைச் சோறு. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தண்ணீர். எதையும் யாரும் தொட்டதாகத் தெரியவில்லை. ஆனால் எல்லாச் சோறும் நடுவில் மட்டும் லேசாகக் குழிந்திருந்தது.

"வந்துட்டாளாக்கா?" என்று கேட்டார்.

"வந்தாக பாய். நெறையப் பேரு வந்தாக." வெள்ளத்தாய் அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "எம் மக மட்டும் வரல."

ஹமீது சிப்பத்தை வாசலிலேயே இறக்கி வைத்தார்.

"மொத நாளு பாட்டப் போட்டதும் ஒரு சின்னப்பிள்ள வந்துச்சு. பட்டுப்பாவாடை. வாசல்ல நின்னு என் மூஞ்சியவே பாத்துச்சு. மறுநாளு கல்யாண மாலையோட ஒருத்தி. பொறவு வயித்துப் பிள்ளையோட ஒருத்தி. ஒவ்வொருத்தி கையாப் பாக்கேன் பாய். எல்லாத்துக்கும் எல்லா வெரலும் இருக்கு. மூக்குல பஞ்சு வச்சிருக்கதால பேச்சு தெளிவா வரமாட்டேங்குது பாவம். அம்மாங்கிறது மட்டுந்தான் வெளங்குது."

"போகச் சொல்லலையாக்கா?"

"எப்படிச் சொல்ல? நான்தான கூப்பிட்டேன்? வாட்டி, சோறு ஆறுதுன்னு என் குரல்தான கேக்குது? நீங்க எம் மக பேர எடுத்துட்டிய. பேரு சொல்லாம ஏட்டின்னா எல்லாப் பிள்ளையும் திரும்பிப் பாக்கத்தான செய்யும். கூப்பிட ஆளில்லாம கெடந்த பிள்ளைக பாய்..."

அவர் குற்றம் சாட்டுகிற மாதிரிச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லாததுதான் ஹமீதைக் கொன்றது.

"அந்தப் பேர மறுபடி வச்சுக் கொடுங்க பாய். அன்னைக்கு ரஞ்சனி ரஞ்சனின்னு கூப்பிட்டேன்ல, அத. அது காதுல விழுந்தா எங்க இருந்தாலும் வந்துருவா."

ஹமீது போனைத் திறந்து தேடினார். இருக்காது என்று தெரிந்தும் தேடினார். அழித்ததைக் கொஞ்ச நாள் வைத்திருக்கிற குப்பைத்தொட்டியும் காலி. நாள் கடந்ததால் அது தானாகவே சுத்தமாகிவிட்டிருந்தது. ஒரு தாய் தன் மகளைக் கடைசியாகப் பேர் சொல்லி அழைத்த குரல்... அது இருந்த இடத்தில் ஏதோ ஒரு கல்யாணப் பாட்டு இருந்தது.

"இல்லக்கா" என்றார். கண் நிறைந்துவிட்டது. "இப்பக் கூப்பிடுங்க. புதுசா எடுப்போம். இந்தா, இதுல பேசுங்க."

போனை நீட்டினார். வெள்ளத்தாய் ஆவலாக வாங்கினார். வாயருகே கொண்டுபோனார். உதடு பிரிந்தது. ரகரம் பாதி வந்தது. அப்புறம் அந்த வரிசையைப் பார்த்தார். ஒரு சுவரோரம், மறு சுவரோரம்... ஒவ்வொரு தட்டாக.

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஹமீதின் காதருகே வந்து சொன்னார்.

"இதுக முன்னால எப்படி பாய்? எம் மகள மட்டும் பேரு சொல்லிக் கூப்பிட்டா... இதுக மனசு என்ன பாடுபடும்?"

நான் எத்தனையோ புண்ணியக் கதைகள் கேட்டிருக்கிறேன். இதைவிடப் பெரிய மனசை எதிலும் கேட்டதில்லை. இப்படிப்பட்ட ஒரு பெண்ணுக்குத்தான் இப்படி நடந்தது. ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள்.

கிளம்பும்போது ஹமீது, அந்தப் பாட்டையாவது இனிமேல் போடவேண்டாம் என்றார். "அத நிப்பாட்டி ரொம்ப நாளாச்சே பாய்" என்றார் வெள்ளத்தாய். "அப்பயும் வருதுக. எங்கயோ இன்னும் பாடுதுபோல."

அன்றிலிருந்து ஹமீது வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் வன்னியம்பட்டிக்கு அரிசி கொண்டுபோகிறார். அவரால் முடிந்தது அதுதான். மகள் பாட்டு எந்த ஊரில் கேட்டாலும் சொல்லுங்கள் என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் கேட்டுக்கொள்கிறார். போய்க் கெஞ்சி அழிக்கச் சொல்கிறார். திருச்சி வரைக்கும் போயிருக்கிறார். நவாஸும் ஒரு தடவை அரிசி மூட்டை தூக்கக் கூடப் போனான். வாசலோடு திரும்பி வந்துவிட்டான். ஏன் என்று கேட்டால் சொல்லமாட்டான்... பாருங்கள், இப்போதும் சொல்லவில்லை.

போன வாரம் ஹமீது போயிருக்கிறார். அடுப்படிக்குப் போகக்கூட வழி இல்லாமல் வரிசை நடுவீட்டுக்கு வந்திருந்தது. வெள்ளத்தாய் எலும்பும் தோலுமாக, சோற்றுக் கரண்டியோடு, எதையும் மிதித்துவிடாமல் காலை ஓரமாக எடுத்து எடுத்து வைத்து நடந்தார். ஹமீது மூட்டையை இறக்கினார். வெயிலில் வந்தது, தலை சுற்றியது. சுவரோரம் ஒரே ஒரு இடம் காலியாகத் தெரிந்தது. அதில் உட்காரப் போனார்.

"அங்கன வேண்டாம் பாய்" என்று வெள்ளத்தாய் பதறிக் கையை நீட்டினார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார். "அது இப்பத்தான் அழுது ஓஞ்சு தூங்குது."

ஹமீது குனிந்து பார்த்தார். சுண்ணாம்புச் சுவரில், உட்கார்ந்தபடி ஒரு குழந்தை தலை சாய்க்கிற உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். அதிலிருந்து ஒரு சொட்டு அப்போதுதான் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.